த்ரூ போட்ட விண்ணப்பம்

எங்கள் வீட்டில் யாரும் இங்கிலீஷ் பேசியதில்லை, எழுதியிருக்கிறோம். அறுபதுகளில் அரசாங்கத்திடம் எதைக் கேட்பதானாலும் இங்கிலீஷில்தான் கேட்டோம். தாளின் மேலே ஃப்ரம், அதற்குக் கீழே டூ. வாத்தியார் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு மட்டும் கூடுதலாக இன்னொன்று உண்டு: த்ரூ. ஃப்ரம் என்றால் நான். டூ என்றால் பஞ்சாயத்து ஒன்றிய ஆணையர். இரண்டுக்கும் நடுவே வழிமறித்து உட்கார்ந்திருந்த அந்த த்ரூதான் என் உயிரை எடுத்தது.

செஞ்சியில் எனக்குப் புகுந்த வீடு. வேலையோ ஒன்றியத்தின் ஓரத்தில், சீயமங்கலம் போகிற பக்கம் ஒரு கிராமத்தில். அந்தப் பள்ளியில் தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி, அவ்வளவுதான். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அப்போது என் பெண்ணுக்கு எட்டு மாதம். பகலெல்லாம் மாமியாரிடம் புட்டிப்பால் குடித்தாள்; குடித்தாள் என்பதைவிடத் துப்பினாள் என்பதே சரி. நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தாள். சாயங்கால பஸ்ஸில் கோட்டை மலை கண்ணில் பட்டதுமே எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிடும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் அழுதுகொண்டு வருவேன்.

செஞ்சிப் பள்ளியில் ஒரு டீச்சர் இடம் காலி என்று கேள்விப்பட்ட அன்றே மாற்றல் கேட்டு எழுதிவிட்டேன். எட்டு மாதக் கைக்குழந்தை செஞ்சியில் இருக்கிறது, தாய்ப்பாலுக்குத் தவிக்கிறது என்று காரணமும் எழுதினேன். ஆணையர் அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் நேரே போய்க் கொடுக்க முடியாது. த்ரூ தலைமையாசிரியர், த்ரூ பள்ளி ஆய்வாளர் என்று படிப்படியாக ஏற வேண்டும். கேட்கிறவள் தன் காகிதத்தைத் தானே தூக்கிக்கொண்டு போனால், வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூடவே விளக்கமும் கேட்பார்கள்.

தலைமையாசிரியர் அதிகம் பேசாதவர். மூக்குப்பொடி போடுவதற்கு நடுவே கிடைக்கிற நேரத்தில்தான் பேசுவார். என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார், நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பாக்கலாம் டீச்சர்" என்றார்.

மறுநாளும் அது பையில்தான் இருந்தது. அடுத்த வாரம் வேறு சட்டை. அந்தப் பையிலிருந்தும் என் காகிதம் எட்டிப் பார்த்தது. பேனாவைப் போல அதையும் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டிருந்தார் மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், அந்தப் பேப்பரு தபால்ல போயிடுச்சா?"

"இல்லம்மா."

"ஏன் சார்?"

"போவும், போவும்."

ஏன் போகவில்லை என்று எனக்கா தெரியாது? நான் போய்விட்டால் ஐந்து வகுப்பையும் அவர் ஒருவரே கட்டி மேய்க்க வேண்டும். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். இருந்தாலும், சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று சொல்லி வைத்தவனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். வழக்கமாக மத்தியானம் அவருக்குக் கொடுக்கிற மோரையும் நிறுத்தினேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் மாமியாருக்குக் கடும் காய்ச்சல். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. லீவு போடவும் பயம். பழைய புடவை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு, குழந்தையோடு பஸ் ஏறிவிட்டேன். பள்ளியின் பின்னறையில், மதிய உணவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் தூளி கட்டினேன். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

ஆய்வாளர் வருகிறார் என்றால் பஸ் கண்டக்டர் முந்தின நாளே சேதி சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்துப் பள்ளிகளெல்லாம் அந்த தைரியத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அன்றைக்குப் பார்த்து மனிதர் பஸ்ஸில் வரவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியைப் பார்த்துவிட்டு, வயல் வழியாக சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இன்னா சார், பாதி பிள்ளைங்களக் காணோம்?"

"மல்லாட்டை புடுங்கப் போயிருக்குதுங்க ஐயா" என்றார் தலைமையாசிரியர். வேர்க்கடலை அறுவடைக் காலம் அது.

அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னறையில் என் மகள் வீறிட்டாள். வேலை நேரத்தில் கைக்குழந்தையைத் தூளியில் போட்டுக்கொண்டு வகுப்பெடுத்தாள் என்று ஒரு வரி எழுதினால் போதும். மாற்றலாவது ஒன்றாவது, இருக்கிற வேலைக்கே ஆபத்து.

"யாருது கொழந்த?"

தலைமையாசிரியர் உள்ளே போனார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"என் பொண்ணோட கொழந்தைங்க ஐயா. ஊர்லேர்ந்து வந்திருக்குது."

அவருக்குப் பெண்ணே கிடையாது. பிறந்ததெல்லாம் பையன்கள்.

பதிவேடுகளைப் பார்த்து முடித்து ஆய்வாளர் தண்ணீர் குடிக்கும்போது, தலைமையாசிரியர் ஒரு கையில் என் குழந்தையோடு, மறு கையால் சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது.

"டீச்சரோட மாத்தல் பேப்பருங்க ஐயா. தபால்ல போட்டா உங்க ஆபீஸ்ல எந்தக் கட்டுக்கு அடியில போவுமோ. த்ரூன்னு என்னப் போட்டிருக்காங்க. நானே உங்க கையில குடுத்தாதானே அது த்ரூ? ஸ்கூல வுட்டு நகர முடியல. அதான் நீங்க வர்றவரிக்கும் வச்சிருந்தேன்."

அடியில் அவர் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, அவசியம் கொடுக்க வேண்டும் என்று இங்கிலீஷில் இரண்டு வரி. மை மங்கியிருந்தது, நான் கொடுத்த அன்றே எழுதியிருப்பார். எனக்கு அந்த மோர் ஞாபகம் வந்தது.

ஆய்வாளர் படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எட்டு மாசக் கொழந்தை செஞ்சியில இருக்குதா?"

"ஆமாங்க ஐயா."

அந்த நேரத்தில்தான் அந்தக் கடன்காரி என் குரலைக் கேட்டு, தாத்தாவின் தோளிலிருந்து என்மேல் தாவினாள். முந்தானையைப் பிடித்து இழுத்து மார்பில் முட்டினாள். தலைமையாசிரியர் உத்தரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். பொடி டப்பாவைத் தேடி அவர் கை பைக்குள் போனது.

"தாத்தாவ வுட்டுட்டு டீச்சர்கிட்ட தாவுதே?" என்றார் ஆய்வாளர்.

இனி மறைத்து என்ன? "என் கொழந்தைதாங்க ஐயா. இன்னிக்கி மட்டும் செஞ்சியில இல்ல" என்றேன்.

ஆய்வாளர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"போம்மா, மொதல்ல அதுக்குப் பசியாத்து."

பின்னறையில் மூட்டைமேல் உட்கார்ந்து பால் கொடுத்தேன். அப்பாடா என்றிருந்தது. பட்டப்பகலில், பள்ளிக்கூட மணி அடிக்கும்போது என் பிள்ளை என் மடியில் இருந்தாள். வெளியே வந்தபோது ஆய்வாளரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, காகிதத்தைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறியிருந்தார்.

மல்லாட்டை அறுவடை முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. கடைசி நாள் தலைமையாசிரியருக்கு ஒரு சொம்பு நிறைய மோர் கொண்டுபோனேன். குடித்துவிட்டு, "உங்க கையெழுத்து நல்லாருக்கும் டீச்சர். வேற ஒரு ஆளு கேட்டு எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். எழுதினேன்: ஃப்ரம் தலைமையாசிரியர். டூ ஆணையர். த்ரூ ஆய்வாளர். அவருக்குப் பின்னால் ஐந்து வகுப்பும் ஒரே கூட்டமாக உட்கார்ந்து இரைந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டு, அடுத்து ஆய்வாளர் எப்போது வருவாரோ என்று அதைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார்.

"எங்கிட்ட குடுங்க சார்" என்று கையை நீட்டினேன்.

மறுநாள் காலை, புதுப் பள்ளிக்குப் போகும் முன்பு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். தபாலை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் குமாஸ்தா. ஐயா கையில்தான் கொடுப்பேன் என்றேன். ஐயா வேலையாக இருக்கிறார் என்றார். இருக்கட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் குழந்தை அலுத்துப்போய் அழ ஆரம்பித்தாள். நான் சமாதானப்படுத்தவில்லை.

உள்ளேயிருந்து சிரிப்போடு ஒரு குரல் வந்தது: "யாரு, வாத்தியாரோட பேத்தியா? உள்ள அனுப்புய்யா."