பட்டியலில் இல்லாத காலை

கடைவீதியில் அவளை எல்லோரும் கேமராக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுவாள். படங்களைச் சேமித்து வைக்கும் ரெக்கார்டர் பெட்டி மக்கர் செய்தால் சரிசெய்வாள். அழிந்துபோன படத்தை முடிந்தால் மீட்டுத் தருவாள். இந்த வேலையில் அவளைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. அவளிடம் இருந்தது ஒரு பிடிவாதம்: மீட்ட படத்தை உட்கார்ந்து பார்க்க மாட்டாள். தொடக்கமும் முடிவும் ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுத்துவிடுவாள். சமைக்கிறவள் ருசி பார்க்காமல் பரிமாறலாமா என்று கடைக்காரர்கள் சீண்டுவார்கள். "உப்பு உங்க வீட்டுது, எனக்கெதுக்கு" என்பாள்.

அவளுடைய தம்பி ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். டயர் கடை முக்கில் சைக்கிளில் வந்த ஒரு பெரியவரை இடித்துத் தள்ளிவிட்டான் என்று அவனைப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். பெரியவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். யாரோடும் பேசும் நிலையில் இல்லை. வண்டி அவர்மேல் படவே இல்லை என்று தம்பி சத்தியம் செய்தான். பட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று எதிர்ப்பக்கம் நின்ற ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

டயர் கடை வாசலில் கேமரா இருந்தது. அதை மாட்டியவளே அவள்தான். அன்றைக்கே போலீஸ் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போனதால் படம் அவர்கள் கையில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஜாமீன் விசாரணைக்கு முந்தின நாள் வக்கீல் போன் செய்தார். போலீஸ் பிரதி எடுக்கவே இல்லையாம். பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

கடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். பெட்டியை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, ஒயர் போக மட்டும் இடம் விட்டு, முன்னால் இரண்டு லாரி டயர்களைச் சாய்த்து வைத்திருந்தார்.

"ஒரு ஈ கிட்ட வரல. கரண்ட் போனப்பகூட பேட்டரியில ஓட விட்டேன். ஒரு நிமிஷம் நிக்கலம்மா" என்றார்.

அவள் அலமாரிக்குப் பின்னால் கைவிட்டுப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். கடைக்காரர் பதறிப்போய் அவள் கையைப் பார்த்தார்.

"நீங்க வெளிய காவல் காத்தீங்கண்ணே. அது உள்ளேயே உக்காந்து தின்னுட்டிருக்கு."

அவர் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நடந்ததை அவருக்கு விளக்கினாள். பெட்டிக்குள் இருக்கும் டிஸ்கில் இடம் அளவாகத்தான் உண்டு. நிறைந்துவிட்டால் பழையதன்மேலேயே புதியதை எழுதும், சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர் சுற்றி வந்து தொடங்கிய மூலையிலேயே மறுபடி பிரஷ்ஷை வைப்பதுபோல. எந்த நாள் எங்கே இருக்கிறது என்பதற்கு டிஸ்கின் ஓர் ஓரத்தில் பட்டியல் இருக்கும். இடம் வேண்டும்போது பழைய நாளில் பெரிய துண்டு ஒன்றைப் பட்டியலிலிருந்து ஒரேயடியாக எடுத்துவிடும். பிறகு அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும். நிரப்பி முடிக்கும்வரை பழையது அங்கேயே கிடக்கும். பெட்டியைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். இல்லை என்பதும் இல்லாமல் போவதும் ஒன்றல்ல. அவள் தொழில் நடப்பதே அந்த இடைவெளியில்தான்.

டிஸ்கைக் கழற்றித் தன் மடிக்கணினியில் மாட்டினாள். நடுவில் ஒரு சிறு கருவியைப் பொருத்தினாள். அது டிஸ்கைப் படிக்க விடும், அதில் ஒரு புள்ளிகூட எழுத விடாது. பட்டியலைத் திறந்தாள். விபத்து நடந்த காலை அதில் இல்லை. அன்று மதியத்திலிருந்துதான் தொடங்கியது.

அப்போது அம்மா போனில் வந்தாள். படம் கிடைத்தால் முதலில் நீ பார் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நமக்கு ஆகுறதா இருந்தா குடு. இல்லேன்னா, போயிடுச்சுன்னு சொல்லிடு. யாரு வந்து உன்னைக் கேக்கப் போறா?"

யாரும் கேட்கப் போவதில்லை என்பது உண்மை. பிளக்கை மறுபடி மாட்டி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும். அவள் எதையும் அழிக்க வேண்டியதில்லை; பெட்டியே பார்த்துக்கொள்ளும். அம்மாவிடம் அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தாள்.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, தையல் மெஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்தவள்போல. திறந்து கிடந்த பெட்டியையும் கடைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடிபட்ட பெரியவரின் மகள். அவளும் அந்தப் படத்தைத் தேடித்தான் வந்திருந்தாள்.

"யாருங்க நீங்க? எதுக்கு இதைக் கழட்டுறீங்க?"

கடைக்காரர் மெக்கானிக் என்று சொல்ல வாயெடுத்தார். கேமராக்கா முந்திக்கொண்டாள். "வேன் ஓட்டினவனோட அக்கா."

மகள் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். "அப்ப இதுல என்ன வரும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

கோபப்பட அதில் ஒன்றும் இல்லை. அவள் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். கேமராக்கா ஒரு ஸ்டூலை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். "நானும் இன்னும் பாக்கல. உக்காருங்க. நீங்க எழுந்து போனா நானும் நிறுத்திடறேன்."

பட்டியலை ஒதுக்கிவிட்டு டிஸ்கின் இடங்களை வரிசையாகப் படிக்கத் தொடங்கினாள். படத்தின் ஒவ்வொரு துண்டும் தன் தலையில் நாளையும் நேரத்தையும் சுமந்திருக்கும். பட்டியல் கைவிட்டாலும் அதை வைத்து அடையாளம் காணலாம். முதலில் இன்றைய காலை வந்தது. பிறகு இன்றைய வெயில், யாரோ உருட்டிப் போகும் டயர். பிரஷ் எந்த இடத்தில் நின்றது என்பதுதான் கேள்வி. விபத்தைத் தாண்டிப் போயிருந்தால் கதை முடிந்தது. மகளின் விரல்கள் அளவு நாடாவைச் சுருட்டின, அவிழ்த்தன, மறுபடி சுருட்டின. கடைக்காரர் வாடிக்கையாளர் ஒருவரை அப்புறம் வரச் சொல்லி ஷட்டரைப் பாதி இறக்கினார்.

திரையில் கேமராக்காவின் ஸ்கூட்டர் வந்து கோணலாக நின்றது. அவள் இறங்கி ஓடினாள். அடுத்த துண்டில் அதே தெரு, வேறு நாள். வெயில் இல்லை. தலையில் விபத்து நாளின் தேதி.

"இதுதான்" என்றாள் கேமராக்கா.

வாழ்நாளில் முதல்முறையாகத் தான் மீட்டதை உட்கார்ந்து பார்த்தாள். தெரு காலியாக ஓடியது. ஒரு நாய் குறுக்கே போனது. பெரியவர் சைக்கிளில் தன் ஓரமாக, மெதுவாக வந்தார். முக்கில் வேன் குறுக்காக வெட்டித் திரும்பியது, அவர் வந்த பக்கத்தில். அவர் மிரண்டு ஹாண்டிலைச் சட்டென்று திருப்பினார். சைக்கிள் வழுக்கியது. வேன் குலுங்கி நின்றது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. தம்பி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து அவர் தலையைத் தூக்கிப் பிடித்தான்.

மகள் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள். கேமராக்கா ஓட்டினாள். "படல" என்றாள் மகள். கொஞ்சம் கழித்து, "ஆனா எங்கப்பா ஓரமாத்தான் வந்தாரு" என்றாள்.

"ஆமா. இவன்தான் தப்பான பக்கம் வந்திருக்கான்."

இரண்டு பிரதிகள் எடுத்தாள். ஒன்றை மகளின் கையில் கொடுத்தாள், மற்றதை வக்கீலுக்கு அனுப்பினாள். அம்மாவுக்குப் போன் செய்து, படம் கிடைத்தது, இரண்டு பேருக்கும் கொடுத்தாயிற்று என்றாள். அம்மா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் நீதிமன்ற வராந்தாவில் தம்பியிடம் பேசச் சிறிது நேரம் கிடைத்தது.

"நான் இடிக்கலன்னு தெரியுதாக்கா?"

"தெரியுது. நீ எந்தப் பக்கமா திரும்பினேங்கறதும் தெரியுது."

அவன் முகம் மலர்ந்து, அப்படியே வாடியது. பெரியவரின் மகள் பார்த்துவிட்டாளா என்று கேட்டான். பார்த்துவிட்டாள் என்றாள்.

இடிக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள் என்று வக்கீல் அவனுக்குச் சொல்லி வைத்திருந்தார். உள்ளே நீதிபதி கேட்டபோது அவன் அதைச் சொன்னான். பின் பெஞ்சில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "அவசரத்துல தப்பான பக்கம் ஏறிட்டேங்கய்யா. அதைப் பாத்துப் பயந்துதான் அவர் விழுந்தாரு" என்றான். வக்கீல் கையிலிருந்த வழக்குக் கோப்பை மூடினார்.

ஜாமீன் கிடைத்தது. இடித்ததாகப் போட்ட வழக்கு, கவனமில்லாமல் ஓட்டியதாக மாறி இன்னும் நடக்கிறது. தம்பியின் லைசென்ஸ் போலீஸிடம் இருக்கிறது. அவன் ரொட்டிக் கம்பெனியில் மூட்டை தூக்குகிறான். அம்மா கேமராக்காவோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறாள்.