அடங்காமல் சுற்றிய அலை

முடிதிருத்தும் கடைக்காரரை எல்லாரும் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தரி ஓய்ந்தாலும் அவர் வாய் ஓயாது. அவ்வப்போது நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொள்ளும். டீயின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்வார்.

அன்று நாற்காலியில் இருந்தவன் அவர் மனைவியின் தம்பி, வேன் ஓட்டுபவன். ஒரு கன்னம் மழித்தாயிற்று, மறு கன்னத்தில் இன்னும் சோப்பு நுரை. திடீரென்று ரேடியோ நின்றது. சவரக்கத்தியை மடக்கி வைத்தவர், சுவரில் சாய்ந்தபடி தரையில் சரிந்தார். நெஞ்சு தறிகெட்டு ஓடியது, கண் இருட்டியது.

“மாமா, பேசுங்க. என்னைத் திட்டவாவது செய்யுங்க.”

பதில் வராததுதான் மச்சானைக் கதிகலங்க வைத்தது. அவரை அள்ளி வேனில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தான். மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கிய பிறகுதான் நர்ஸ் அவனைக் கவனித்தாள்.

“உங்களுக்கு எப்பலேர்ந்து நுரை தள்ளுது?”

படுக்கையிலிருந்து முதலில் கேட்டது ரேடியோவின் சிரிப்பு.

சேதி கேட்டு மனைவி ஓடிவந்தாள். பரிசோதனைகள் முடிந்ததும் டாக்டரம்மா இருவருக்கும் விளக்கினார்.

“முன்ன வந்த கடுமையான காய்ச்சல் இதயத் தசையில தழும்பை விட்டுட்டுப் போயிருக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மின் அலை பரவி அடங்கணும். இவருக்கு அது தழும்புகிட்ட தயங்கி, வந்த இடத்துக்கே திரும்பி, சுத்திக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு துடிப்பு. அந்த வேகத்துல இதயத்துல ரத்தம் நிரம்ப நேரமே இல்ல. விட்டா துடிப்பு வெறும் நடுக்கமாகி உயிருக்கே ஆபத்து.”

“அடங்காம சுத்துறது இவர் வாய் மட்டும்தான்னு நெனச்சேன், டாக்டர்,” என்றாள் மனைவி.

தொடை வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள் செலுத்தினார்கள். அலை சுற்றும் இடம் தெரிய, அதைத் தூண்டிவிட வேண்டியிருந்தது. கூப்பிடாமலே வந்து கழுத்தை அறுத்தது, கூப்பிட்டபோது பிகு செய்தது. ஒருவழியாக வந்ததும் அதன் பாதையைக் கண்டுபிடித்து, கம்பி நுனியின் சூட்டால் சுட்டு அடைத்துவிட்டார்கள்.

“இப்ப எவ்வளவு சீண்டினாலும் வரமாட்டேங்குது,” என்றார் டாக்டரம்மா. ரேடியோவுக்குப் பேச ஆயிரம் இருந்தது. மயக்க மருந்தில் நாக்கு புரளவில்லை. கண்ணோரம் மட்டும் ஈரமானது. துடிப்பு மறுபடி தறிகெட்டால் தானே அதிர்ச்சி கொடுத்து அடக்க, காவலுக்கு ஒரு சிறு கருவியையும் மார்பின் மேற்புறத் தோலுக்கு அடியில் பொருத்தி அனுப்பினார்கள்.

உடம்பு தேறியதும் மாலையில் தம்பதி நடக்கக் கிளம்பினார்கள். மேட்டுத் தெருவில் ஏறும்போது மனைவிக்குத்தான் மூச்சு வாங்கியது. அவர் ஏதோ கதை சொல்லிக்கொண்டே முன்னால் போய்விட்டார்.

“கொஞ்சம் நில்லுங்களேன்.”

அவள் தெருவோர மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். அவர் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அவசரமே இல்ல. மெதுவா போவோம். கதை இன்னும் பாதிகூட வரல.”