ஜெபல் அலியில் ஏழாம் எண் குதிரை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அபுதாபியிலிருந்து ஜெபல் அலிப் பக்கம் உள்ள குதிரைப் பந்தயத் திடலுக்குப் போய்வந்தேன். எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், பெண்கள் தனியாகப் போகலாமா என்று பள்ளியில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வாயால் சொல்ல முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

என் அண்ணன் அங்கே ஒரு லாயத்தில் சைஸாக இருக்கிறான். குதிரைக்குத் தீனி வைத்து, தேய்த்துவிட்டு, பந்தயத்தன்று கையில் பிடித்து நடத்திக்கொண்டு வருபவர்தான் சைஸ். சென்னையில் கிண்டியில் பதினோரு வருடம் அதே வேலை. துபாய்க்கு வந்து மூன்று வருடம். நான் அபுதாபியில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். லண்டன் பத்திரிகைகள் இரண்டு நாள் பழசாக எங்களுக்கு வரும். மார்ச்சில் இங்கிலாந்தில் வேலி தாண்டும் பந்தயத் திருவிழா ஒன்று நடக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அவற்றை நான் போனில் படித்துத் தமிழில் சொல்ல, அண்ணன் ஒரு குதிரையைத் தேர்ந்தெடுப்பான். பணம் கட்டுவதில்லை, இங்கே அது குற்றம். யார் சொன்னது பலித்தது என்று பார்ப்பதோடு சரி. இரண்டு வருடமாக இதுதான் எங்கள் போன் பேச்சு. அதனால் பந்தயப் பக்கங்களின் ஆங்கிலம் எனக்கு அத்துப்படி என்று ஓர் எண்ணம் இருந்தது.

புதன்கிழமை அவன் கூப்பிட்டான். "வெள்ளிக்கிழமை வா பாப்பா. ராசு ஓட்றான். மொத ரேசு." அவன் பார்த்துக்கொள்ளும் குதிரையின் உண்மைப் பெயர் நஜ்ம், ராசு அவன் வைத்த பெயர். வேலி தாண்டும் பந்தயத்துக்குக் குதிரை வாங்க ஓர் ஆங்கிலேயப் பயிற்சியாளர் வந்திருக்கிறாராம். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ராசுவை வாங்கிக்கொள்வார். வேறு யார் பிடித்தாலும் ராசு வண்டியில் ஏறமாட்டான் என்பதால் அண்ணனும் ஆறு மாதம் கூடப் போவான். "அடுத்த வருசம் நீ பேப்பர்ல அவன் பேரப் படிப்ப," என்றான்.

துணைக்குப் பாண்டி அண்ணன் வந்தார். முசஃபா தொழிற்பேட்டையில் வெல்டர், பரமக்குடிக்காரர், முன்பு ஜெபல் அலியில் வேலை பார்த்தபோது என் அண்ணனோடு ஒரு வருடம் ஒரே ரூமில் இருந்தவர். அபுதாபி டாக்சி ஸ்டாண்டில் பதினொரு மணிக்குப் பங்கு டாக்சி ஏறினோம். ஆள் நிரம்பிக் கிளம்பப் பதினொன்றரை ஆனது. ஆளுக்கு முப்பது திர்ஹம். தூரம் சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் போயிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை என்பதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. பன்னிரண்டே காலுக்கு டிரைவர் சாலையோரப் பள்ளிவாசலில் வண்டியை நிறுத்தி, "ஜும்மா, பாய்" என்று சொல்லி இறங்கிப்போனார். திரும்பி வர நாற்பத்தைந்து நிமிடம். பாண்டி அண்ணன் நிழல் தேடி ஒரு தண்ணீர் டேங்கருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"உங்க அண்ணன் பேசுறது எனக்கு ஒரு வருசமாப் புரியலத்தா," என்றார். "வந்த புதுசுல 'மேஸ்திரி உள்ள கீறாரு'ன்னான். யாரைக் கீறுறாருன்னு பதறிப்போய் ஓடினேன்."

"கீறாருன்னா இருக்காருன்னு அர்த்தம்ணே."

"அதைப் பரமக்குடியில யாரு எனக்குச் சொல்லிக்குடுத்தா?"

நெடுஞ்சாலையிலிருந்து திடலுக்கு உள்ளே மூன்று கிலோமீட்டர். பத்து திர்ஹம் கூடக் கொடுத்தால் வாசலிலேயே விடுவார்கள். ஒன்று ஐம்பதுக்கு இறங்கினோம். நுழைவு இலவசம். உள்ளே போனதும் ஒரு சீட்டு தருவார்கள், அதுவும் இலவசம். ஆறு பந்தயத்திலும் ஜெயிக்கும் குதிரையின் எண்ணை எழுதி, முதல் பந்தயத்துக்கு முன் பாதியைக் கிழித்துப் பெட்டியில் போட வேண்டும்; மறு பாதி நம்மிடம். ஆறும் சரியாக இருந்தால் கார். கம்பியோரம் முழுக்க நம் ஆட்கள்தான்: தொழிலாளர் கேம்ப்களிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள், காதில் பேனா செருகியவர்கள். சமோசா ஒரு திர்ஹம், டீ ஒரு திர்ஹம்.

குதிரைகளை ஓடவிடுவதற்கு முன் ஒரு வட்டப் பாதையில் நடத்திக் காட்டுவார்கள். நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்களுக்கு நாலடி தள்ளித் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரர், கையில் சிறு புத்தகத்தோடு. ராசுவின் ஏழாம் எண்ணையே அவர் கண் தொடர்ந்தது. அவர்தான் அந்தப் பயிற்சியாளர் என்று புரிந்தது.

சைஸ்கள் பார்வையாளரோடு பேசக்கூடாது. அண்ணன் எங்களைக் கடக்கும்போது தலையைத் திருப்பாமல் பேசினான். முதல் சுற்றில், "வந்துட்டியா."

இரண்டாம் சுற்றில், "சூடா கீறான் பாப்பா."

ராசு பளபளவென்று, கழுத்தை வளைத்து, மணலைத் தட்டித் தட்டி வந்தான். அழகாக இருந்தான். பாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார். "இந்தக் கீறானுக்கு என்ன அர்த்தம்த்தா?"

எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். லண்டன் பத்திரிகைகளில் நூறு தடவை படித்த சொல். ஜெயிக்கப்போகிற குதிரையை, எல்லோரும் நம்பிப் பணம் கட்டுகிற குதிரையை, அவர்கள் 'ஹாட்' என்பார்கள். அதைப் போனில் 'சூடான குதிரை' என்று அண்ணனுக்குச் சொன்னதே நான்தான். "நல்லா ஓடுவானாம்ணே," என்றேன்.

மூன்றாம் சுற்றில் அண்ணனின் முகம் வெளிறியிருந்தது. படபடப்பு என்று எடுத்துக்கொண்டேன். கண்ணால் அந்த வெள்ளைக்காரரைக் காட்டினான். "சொல்லு. அவராண்ட சொல்லு. சீக்கிரம்."

சொன்னேன். நாலடி நகர்ந்து, என்னிடமிருந்த நல்ல ஆங்கிலத்தில், குதிரையைப் பிடித்து வருபவன் என் அண்ணன், ஏழாம் எண் இன்று ஹாட் என்று சொல்லச் சொன்னான் என்றேன். அவர் சிரித்தார், நன்றி சொன்னார், புத்தகத்தில் எதையோ குறித்துக்கொண்டார். இதற்குள் பாண்டி அண்ணன் கம்பியோரம் முழுக்கச் செய்தியைப் பரப்பிவிட்டார். "ஏழப் போடுங்கப்பா. சைஸே சொல்லிட்டான்." நானும் ஏழு எழுதிப் பெட்டியில் போட்டேன். அப்போது இரண்டு இருபத்தைந்து.

இரண்டரைக்குப் பந்தயக் கதவு திறந்தது. ராசு மூன்றாவதாக வந்து, இரண்டாவதாகி, வளைவில் முதலாவதானான். பாண்டி அண்ணன் பக்கத்தில் நின்ற தெரியாத ஆளின் தோளை உலுக்கினார். முடிவுக் கம்பத்துக்கு முந்நூறு மீட்டர் இருக்கும். ராசு ஒரு படி தவறியது போலத் தாழ்ந்தான். எழுந்தான். எழுந்தவன் மூன்று காலில் ஓடினான். இடது முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே தனியாக ஆடியது. ஜாக்கி குதித்து இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கினார். மற்ற குதிரைகள் கடந்து போயின. ஜெயித்த எண்ணை ஒலிபெருக்கி சொன்னது.

அண்ணன் மணலில் ஓடுவதைப் பார்த்தேன். அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒரு வண்டி வந்தது. நாலு பேர் பச்சைத் திரை ஒன்றைப் பிடித்தார்கள். எதற்குத் திரை என்று எனக்குப் புரியவில்லை. கால் ஒடிந்த குதிரையை அங்கேயே சுட்டுவிடுவார்கள் என்று படித்தது நினைவுக்கு வந்தபோது ஒரு சிறு சத்தம் கேட்டது, கதவைச் சாத்துவது போல. திரையைச் சுருட்டினார்கள். இரண்டாம் பந்தயத்தில் எட்டுக் குதிரைகள் என்று ஒலிபெருக்கி சொன்னது. என் கைக்கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பத்திரண்டு. ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை.

அண்ணன் வெறும் கடிவாளத்தோடு லாயத்துப் பக்கக் கதவுக்கு வந்தான். சட்டை முழுக்க மணல்.

"சொன்னியா?" என்று கேட்டான்.

"சொன்னேன்."

"இன்னா சொன்ன?"

"சூடா இருக்கான்னு."

"காலுன்னு சொல்லலியா?"

"நீ காலுன்னு சொல்லவே இல்லியே அண்ணா."

கடிவாளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டான். "நாங்க வேற எதைச் சூடுன்னு சொல்வோம்? காலம்பற தொட்டுப் பாக்கறது குதிரயோட காலத்தான். சூடா இருந்தா உள்ள அடிபட்டுக்கீதுன்னு அர்த்தம். நேத்து நைட்லேந்து எடது கால் சூடு. லாயத்து மேஸ்திரியாண்ட சொன்னேன், ஐஸ் வை, போதும், சும்மா இருன்னான். ரேசு அதிகாரிங்களாண்ட நான் போனா விசா குடுத்த கஃபீல் அதக் கேன்சல் பண்ணிடுவான். வாங்கப் போறவன் காதுல விழுந்தா நிறுத்துவான்னு நெனச்சேன். உனக்கு இங்கிலீஸ் தெரியுமேன்னு நெனச்சேன்."

நான் அழுதேன். அவன் அழவில்லை. பாண்டி அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து சீட்டின் பாதியை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல், திரும்ப வைத்துக்கொண்டார்.

"போ பாப்பா, நேரமாவுது," என்றான் அண்ணன். "நாலாவது ரேசுக்கு வேற குதிர பிடிக்கணும்."

திரும்பும் வழியில் டிரைவர் இந்தியில் கேட்டார், யார் ஜெயித்தது என்று. எங்களுக்குத் தெரியவில்லை. ஒலிபெருக்கி சொன்ன எண் எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை.

அண்ணன் இங்கிலாந்து போகவில்லை. இப்போது வேறொரு குதிரையைப் பார்த்துக்கொள்கிறான். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மார்ச் பத்திரிகைகள் வந்துவிட்டன. நானும் படித்துச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பல மொழிப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். ஒரு சொல்லை அறிந்திருப்பதால் அதைச் சொன்னவரை அறிந்ததாகாது என்று அவற்றில் எங்காவது இருந்திருக்கும். கவனிக்கவில்லை.

போகிறவர்களுக்கு: வெள்ளியன்று பத்து மணிக்கு முன்பே கிளம்புங்கள், இல்லையேல் தொழுகை முடிந்த பிறகு. போகவரச் செலவு எழுபது எண்பது திர்ஹத்துக்குள் முடியும். குடும்பங்களுக்குத் தனி இடம் உண்டு; பெண்கள் தனியாகப் போகலாம், யாரும் தொந்தரவு செய்யவில்லை. தொப்பியும் தண்ணீரும் வேண்டும். திரும்பும் டாக்சிக்கு நெடுஞ்சாலை வரை நடக்க வேண்டியிருக்கலாம். குதிரைகளை நடத்தும் வட்டத்தின் அருகில் நில்லுங்கள்; பிடித்து வருகிறவர் தமிழராக இருந்தால் ஏதாவது சொல்லக்கூடும். கம்பிக்கு வெளியே நிற்கிற உங்களுக்கு விசா பயம் இல்லை. அதனால் வாய்விட்டு, திடலே திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை என்று, எங்கே சூடு என்று கேளுங்கள்.