கடைசிச் சிரட்டைக் கஞ்சி

என் கையெழுத்தும் எழுத்துப்பிழைகளும் உங்களுக்குச் சிரமம் தரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் அரசாங்க உத்தியோகத்தர் வீட்டில் சமையல்காரனாக இருந்தேன். அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைக் கடைசியாகக் குசினி அடுப்படியில் இருந்து சாப்பிடுவேன். அதை நான் குறையாக நினைத்ததில்லை.

தொண்ணூற்றைந்தில் சண்டையால் ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது ஐயாவோடு நானும் நடந்தேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கிய சனத்துக்குக் கஞ்சி கொடுக்கும் பொறுப்பு ஐயாவுக்கு வந்தது. நான் காய்ச்ச, அவரே அகப்பையைப் பிடித்து வார்த்தார். முந்தின நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

வரிசை முடிந்தபோது ஒரு தேங்காய்ச் சிரட்டைக் கஞ்சிதான் மிச்சம். அதை அவரிடம் நீட்டினேன்.

“நீ குடியடா.”

“ஐயா குடியாமல் நான் எப்பிடிக் குடிக்கிறது?”

“நானும் இந்தச் சனத்தின்ரை வேலைக்காரன்தானே. வேலைக்காரன் கடைசியிலை சாப்பிடுறதுதான் எங்கடை வீட்டு வழக்கம். உனக்குத் தெரியாதே?” என்று சிரித்தார். சிரிக்கவும் அவருக்குக் களைப்பாக இருந்தது.

பாதி குடித்தேன். மீதியைக் கொடுக்கக் கை நீளவில்லை. அது என் எச்சில் அல்லவா?

“உனக்குக் காணுமெண்டால் மிச்சத்தை இஞ்சை கொண்டா,” என்று அவரே சிரட்டையை வாங்கிக் குடித்து முடித்தார்.

கஞ்சி காய்ச்சிய கிடாரத்தைக் கழுவ எழும்பினேன்.

“இரு, பிறகு ரெண்டுபேருமாய்க் கழுவுவம்.”

அவருக்கு மரியாதைக் குறைவாகிவிடும் என்று பயந்து இதை இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் அவரை நான் மிக அதிகமாக மதித்தது அந்த நேரத்தில்தான்.

14 ஆவணி 1999