கால் ஊன்றாத எட்டு

லைசென்ஸ் இல்லாதவன் பைக்கை இனி கேட்டுக்குள் விடமாட்டோம் என்று ஒரகடத்தில் எங்கள் கம்பெனி சொல்லிவிட்டது. இருபது வருடம் லைசென்ஸ் இல்லாமலே ஓட்டிய சூரன் நான், டெஸ்ட் மைதானத்தில் வரிசையில் நின்றேன். தரையில் போட்டிருந்த பெரிய எட்டிலிருந்து சுண்ணாம்புத் தூள் வாசனை வந்தது. பத்து வயதுக்குப் போய்விட்டேன்.

அன்றும் இதே வாசனை. அப்பாவும் அம்மாவும் ஒரே மொபெட்டில் டெஸ்டுக்கு வந்திருந்தார்கள், நடுவில் நான்.

"டிராக்டரே ஓட்றவன், எனக்கு இன்னா டெஸ்ட்டு?" என்று மீசையைத் தடவிய அப்பா, முதல் வளைவிலேயே காலை ஊன்றினார். பெயில்!

அம்மா புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரு மாதம் களத்துமேட்டில் பழகிய எட்டை அப்படியே போட்டாள். திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். படப்பைக் கடைத்தெருவில் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "ஒரே தூசி" என்றார்.

"அடுத்து யாருப்பா?" என்ற இன்ஸ்பெக்டரின் குரல் என்னை இன்றைக்கு இழுத்து வந்தது. பதற்றத்தில் ஸ்டாண்டை எடுக்காமலே கிளம்பினேன்.

"அண்ணே, ஸ்டாண்டு!" என்று பின்னாலிருந்த பையன்கள் சிரித்தார்கள்.

எடுத்தேன். ஒரு மாதமாகக் காலி மனையில் யாருக்கும் தெரியாமல் பழகிய எட்டைப் போட்டேன். கால் தரையைத் தொடவே இல்லை!

உடனே அம்மாவுக்கு போன் போட்டேன். "பாஸும்மா!"

"அப்பாடா! இனிமே உங்கப்பாவ நீ ஏத்திகினு போ."

பக்கத்தில் அப்பா குரல்: "அவன் கால ஊனுனானான்னு கேளு!"

"ஊனலப்பா!" என்று மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.