தவம் அண்ணையும் ஒரு சின்னப் பொட்டும்

தவம் அண்ணை போய்விட்டார். காலையில் அவருடைய மகள் போன் கோல் எடுத்துச் சொன்னாள்...

உரும்பிராய்ப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டியவர். நான் அவரோடு வயர் இழுத்தவன்.

ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. சைக்கிளை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக நின்றேன்.

ஒருமுறை புத்தூரில் பூசை தொடங்கப் போகிற நேரம். ஒரு ஸ்பீக்கரில் மெல்லிய இரைச்சல். எனக்குக் கேட்கவே இல்லை.

"விடுங்கோ அண்ணை, சின்ன இரைச்சல்தானே."

"உன்ரை காதுக்கை என்ன பஞ்சோ?" ஏசிக்கொண்டே மரத்தில் ஏறிவிட்டார். கீழே ஐயர் கத்துகிறார். மனுசன் சரிசெய்யாமல் இறங்கவில்லை.

அவருக்குத்தான் நுரையீரலில் கேன்சர். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்றார்கள். ஒப்பரேஷனும் நல்லபடி முடிந்தது.

பிறகு ரிப்போர்ட் வந்தது. நுரையீரலோடு சேர்த்து வெட்டியெடுத்த நிணநீர்க் கணு ஒன்றில் கேன்சர் கலங்கள். மைக்ரோஸ்கோப்பில் மட்டும் தெரிகிற ஒரு சின்னப் பொட்டு.

டொக்டர் ஒளிக்கவில்லை. "இவ்வளவு சின்னன் என்ன செய்யும் எண்டு அடிச்சுச் சொல்லேலாது. சிலருக்கு ஒண்டும் செய்யாது. சிலருக்குத் திரும்ப வரும். கீமோ மருந்து ஏத்திறது நல்லம்."

திகதியும் கொடுத்தார்கள். அதற்கிடையில் எங்கள் கோயிலில் திருவிழாக் கொடி ஏறிவிட்டது.

கொடி ஏறினால் கடைசி நாள் தீர்த்தம் முடியும்வரை ஊர் தாண்டிப் போய்த் தங்கக்கூடாது. அவர் வீட்டு வழக்கம் அது. மருந்தென்றால் வார்ட்டில் தங்கவேண்டும்.

"பொட்டளவு சாமானடா. திருவிழா முடியட்டும், வாறன் எண்டு டொக்டரிட்டைச் சொல்லு."

தீர்த்தம் முடிந்தது. பிறகு புத்தூர்த் திருவிழா. பிறகு கோப்பாயில் ஒன்று... உடம்பும் நன்றாகத்தான் இருந்தது. அவருடைய மனைவி அழுது பார்த்தார், கதைக்காமல் இருந்தும் பார்த்தார். எடுபடவில்லை.

திரும்ப வந்துவிட்டது என்று தெரிந்த அன்று டொக்டரிடம் கேட்டேன். அப்பவே மருந்து ஏற்றியிருந்தால்?

"தெரியாது தம்பி. உண்மையாத் தெரியாது."

அந்தத் தெரியாததுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. கோபம் கோபமாய் வருகிறது. அவரிலா, கொடியிலா, அந்தப் பொட்டிலா... ஒன்றும் விளங்கவில்லை.

இப்போது செத்தவீட்டில் நின்று எழுதுகிறேன். தேவாரம் போகிறது. எங்களுடைய ஸ்பீக்கர் செட்தான், கட்டியது வேறு ஆட்கள்.

வாசல் படலையடி ஸ்பீக்கரில் மெல்லிய ஓர் இரைச்சல். ஒருவருக்கும் கேட்கவில்லைப்போல.

போயிட்டு வாங்கோ அண்ணை. நான் ஏறிப் பாக்கிறன்.