பலப்பம் குறைந்த நாட்கள்

காலை ஆறு பத்து. மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஏறப்போன சித்தியின் உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதை முதலில் பார்த்தவள் நான். அது என் பலப்பம் என்று உறுதியாக மூன்று நாட்கள் ஆயின.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. திங்களன்று நிறைந்திருந்த பலப்பப் பெட்டியில் புதனன்று இரண்டு துண்டுகளே மிச்சம். மறுநாள் சிலேட்டில் எழுத ஒன்றும் இல்லாமல் போனதும், டீச்சர் என்னை நிற்க வைத்தார். வீட்டில் முறையிட்டால் அம்மா சிரித்தாள். சித்திக்கு அது ஆறாம் மாதம்.

"மசக்கைடீ. துன்னட்டும், வுடு."

வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சித்தப்பா புதிதாக ஒரு பெட்டி பலப்பமே வாங்கிவந்தார். கொடுத்தது சித்தியிடம்.

கர்ப்பிணிகளைப் பார்க்கும் நர்சம்மா புதன்கிழமைதோறும் பத்து மணிக்கு எங்கள் பள்ளிக்கு அடுத்த அங்கன்வாடிக்கு வருவார். ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். சித்தியின் பஸ் திரும்புவது மாலை ஐந்து நாற்பதுக்கு. லீவு போட்டால் கம்பெனி லைனில் வேறு பெண்ணை உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், மூன்றாம் மாதம் நர்சம்மாவிடம் பெயர் பதிந்ததோடு சரி, சித்தி பிறகு போகவில்லை. நர்சம்மா கொடுத்தனுப்பிய இரும்புச்சத்து மாத்திரைகள் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தன. சாப்பிட்டால் பஸ்ஸில் வாந்தி வருகிறதாம்.

அடுத்த புதன்கிழமை நான் அங்கன்வாடிக்குப் போய் நர்சம்மாவிடம் சித்திமேல் புகார் கொடுத்தேன். பெரியவர்களில் என் புகாரை நோட்டில் எழுதிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

"எத்தினி நாளாத் துன்னுது? கொடம் தூக்குனா மூச்சு வாங்குதா?"

வாங்குகிறது என்றேன். விசாரணை திருப்தியாக இருந்தது.

அன்று அவர் ஒரு மணிக்குக் கிளம்பவில்லை. ஐந்து நாற்பதுக்கு பஸ் நிறுத்தத்தில் ஸ்கூட்டரோடு நின்றார். சித்தி இறங்கியதும் அவளுடைய கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, உள்ள சுண்ணாம்பு அடிச்சாப்ல கீது?"

"மசக்கைக்கா."

"ஆறாம் மாசத்துல இன்னா மசக்கை? ஒடம்புல ரத்தமே இல்லாம பலப்பம் துன்னுகினு கீற. இப்படியே வுட்டா பிரசவத்துல உன்னையும் காப்பாத்த முடியாது, புள்ளையும் காப்பாத்த முடியாது. நாளைக்கு பஸ் ஏறுன, டயருக்கு முன்னால நான் படுத்துக்குவேன்."

"ஐயோ, வாணாம் மேடம். நான் ஏத்திக்கல," என்றார் டிரைவர். பஸ்ஸே சிரித்தது. சித்தியும் சிரித்தாள்.

மறுநாள் சித்தப்பா அவளைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ரத்த அளவு ஏழுதான் இருந்தது. கையில் ஊசி குத்தி, பாட்டிலில் இரும்பு மருந்து ஏற்றினார்கள். அதன்பிறகு புதன்தோறும் நர்சம்மா பஸ்ஸுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார். மாத்திரை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் என்று மாறியது, வாந்தியும் நின்றது. திருடியவளுக்குத் தண்டனை கிடைக்கும் என்று நான் காத்திருந்தேன். அவளுக்கு ஈரலும் மாதுளம்பழமும் கிடைத்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, சித்தப்பா தான் வாங்கிக் கொடுத்திருந்த பெட்டியை எடுத்துவந்து என் பைக்குள் வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். வழக்கில் நான் ஜெயித்ததால்தான் பெட்டி வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியில் பதினோரு பலப்பங்கள் இருந்தன. சித்திக்குப் பெண் பிறந்த அன்று நான்கு மிச்சம். மற்ற ஏழு பலப்பங்களையும் எழுதித் தீர்த்தது நான்தான்.